கைக்கும் கத்திக்கும் நடுவே

2001 செப்டம்பர் 7. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், 68 வயதுப் பெண்மணி ஒருவர் ஆபரேஷன் மேஜையில் மயக்கத்தில் இருக்கிறார். அவருடைய பித்தப்பையை அகற்றப்போகும் சர்ஜன் ஜாக் மரேஸ்கோ உட்கார்ந்திருப்பதோ நியூயார்க்கில். அங்கே அவர் கைப்பிடியை அசைக்க, இங்கே ஜீயஸ் என்ற ரோபோவின் கைகள் ஈரலிலிருந்து பித்தப்பையைப் பிரித்தன. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. நோயாளி நலமாக வீடு திரும்பினார்.

உலகம் வியந்தது தூரத்தைப் பார்த்து. ஆனால் நோயாளிக்கு 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து ரோபோவை இயக்கினாலும் நடப்பது இதேதான். எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

சாதாரண லேப்ராஸ்கோபியில், வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, விரல் நுழையாத சிறு துளைகள் வழியே கேமராவையும் நீண்ட கருவிகளையும் நுழைக்கிறார்கள். துளைதான் கருவிக்குத் தாங்குபுள்ளி. எனவே சீசா பலகையைப் போல எல்லாம் தலைகீழ்: கை வலப்பக்கம் போனால் உள்ளே கத்திரியின் நுனி இடப்பக்கம் போகும். திரையைப் பார்த்தபடியே இதற்குக் கையைப் பழக்க சர்ஜன்களுக்கு நெடுநாள் பிடிக்கும்.

ரோபோ அறுவையில் இந்தச் சுமையைக் கணினி வாங்கிக்கொள்கிறது. கைப்பிடியிலுள்ள உணரிகள் விரல்களின் ஒவ்வொரு நகர்வையும் எண்களாக்குகின்றன. கணினி முதலில் திசையை நேராக்குகிறது. பிறகு அளவைச் சுருக்குகிறது: கை 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் நுனி 1 சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி வைக்கலாம். எவ்வளவு தேர்ந்த கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. அந்த வேக அதிர்வை மட்டும் வடிகட்டிவிடுகிறது. மிஞ்சுவது சர்ஜன் செய்ய நினைத்த அசைவு. அதுவே மோட்டார்களுக்குப் போகிறது.

அசைவு எண்ணாகிவிட்ட பிறகு, அதை அடுத்த மேஜைக்கு அனுப்பினாலென்ன, அடுத்த கண்டத்துக்கு அனுப்பினாலென்ன? இடைஞ்சல் தாமதம் ஒன்றுதான். 330 மில்லிவிநாடி வரை பொறுக்கலாம் என்று முன்சோதனைகளில் கணித்திருந்தார்கள். தனியாக ஒதுக்கிய கண்ணாடி இழைத் தடத்தில், கை அசைந்து அதன் காட்சி நியூயார்க் திரைக்குத் திரும்ப ஆனது சராசரியாக 155 மில்லிவிநாடி.

இந்தப் பரிமாற்றத்தில் வெகுகாலம் விடுபட்டே இருந்தது தொடுஉணர்வு. தையல் நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைச் சர்ஜன் விரலால் உணர முடியாது. திசு வெளிறுவதைக் கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி 5 ரோபோவில், நுனி சந்திக்கும் அழுத்தத்தை அளந்து கைப்பிடிக்குத் திருப்பியனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. இழுபட்ட திசுவின் எதிர்ப்பு, இப்போது எண்களாகப் பயணித்து விரல்களை எட்டுகிறது.