மடியில வெச்சா போதுமா?

போன பொங்கல் லீவுல ஊருக்குக் கார்ல போய்க்கிட்டிருந்தோம். மாமா வண்டி ஓட்டினார். முன் சீட்டில் அக்கா, அவ மடியில எட்டு மாசப் பாப்பா. விழுப்புரம் தாண்டினதும் குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தது. மாமா பிரேக்கை ஒரே அமுக்கு. அக்கா ஒரு கையை டேஷ்போர்டில் ஊன்றி, இன்னொரு கையால பாப்பாவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. "பெத்தவ கை விட்டுடுமா?"ன்னு பின்னாடியிருந்து பாட்டி சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம்.

அன்னைக்கு ராத்திரி சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வரல.

நீங்களும் போட்டுப் பாருங்க, பதினொண்ணாம் வகுப்பு பிசிக்ஸ்தான். குழந்தையோட எடை 10 கிலோன்னு வெச்சுக்குவோம். காய்ஞ்ச ரோட்டில் எவ்வளவு அழுத்தி பிரேக் போட்டாலும் ஒரு சாதாரண கார் சுமார் 0.8 ஜி அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்கும். அதாவது குழந்தை 8 கிலோ பை மாதிரி முன்னாடி இழுக்கும். கை தாங்கும், அக்கா தாங்கினா.

இப்போ அதே கார் 50 கி.மீ. வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுது. முன்பகுதி 70 செ.மீ. நசுங்கி வண்டி நிக்குது. v² = 2as போட்டா 14 ஜி வரும். அதே குழந்தை இப்போ 140 கிலோ. அதுவும் 0.1 வினாடிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். "ஐயோ"ன்னு மூளை கைக்குச் சொல்றதுக்கே அதைவிட அதிக நேரம் ஆகும். நம்ம கை மேல நமக்கு இருக்கிற நம்பிக்கை எல்லாம் பிரேக் போட்ட அனுபவத்தில் வந்தது. மோதலை நம்மில் பெரும்பாலானவங்க பார்த்ததே இல்லை.

கையை விட்டுப் போன குழந்தைக்கு அந்த 70 செ.மீ. கூடக் கிடைக்காது. கார் நின்ன பிறகும் அது அதே 50 கி.மீ. வேகத்தில் போய் டேஷ்போர்டில் மோதும். அங்கே 5 செ.மீ.-ல நின்னா கிட்டத்தட்ட 200 ஜி. மூணாவது மாடியிலிருந்து விழுறதும் இதுவும் ஒண்ணுதான், உயரக் கணக்கு 10 மீட்டர் வருது. சரி, ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டா? அது இன்னும் மோசம். அம்மாவோட எடை முழுக்க குழந்தை மேல வந்து அழுத்தும். முன் சீட்டில் ஏர்பேக் வேற இருக்கு. பெரியவங்களுக்காக வெடிச்சு விரியற அது, மடியில இருக்கிற குழந்தையைத்தான் முதல்ல அடிக்கும்.

சைல்டு சீட் செய்யறது எளிமையான வேலை. குழந்தையைக் காரோடு ஒண்ணா கட்டிடுது. கார் நசுங்கற தூரம் முழுக்க குழந்தைக்கும் கிடைக்குது. ஆனா சின்னக் குழந்தைக்கு இதுமட்டும் பத்தாது. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான், கழுத்தெலும்போ இன்னும் முழுசா இறுகியிருக்காது. உடம்பை மட்டும் கட்டிட்டா தலை முன்னாடி பாயும், கழுத்து இழுபடும். அதனாலதான் பின்னோக்கிய சீட். ஸ்வீடனில் 1960-களில் பெர்டில் ஆல்ட்மன் என்பவர் யோசிச்சது இது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்த நிலையில் மேலே போறதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். விசை முதுகு, தலை எல்லாத்துலயும் பரவுது, கழுத்து தனியா மாட்டிக்கறதில்லை. ஐரோப்பாவின் ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாசம் வரைக்கும் பின்னோக்கித்தான் உட்காரணும். முடிஞ்சவரை அதுக்கு மேலயும் நீட்டிக்கறது நல்லது. இந்த சீட்டை ஏர்பேக் இருக்கிற முன் சீட்டில் மட்டும் வெச்சிடாதீங்க.

வளர்ந்த பிள்ளைக்கு பூஸ்டர். பெரியவங்க பெல்ட் அவங்களுக்குக் கழுத்திலும் வயித்திலும் ஏறும். பூஸ்டர் ஆளை உயர்த்தி, பெல்ட்டைத் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் கொண்டு வருது. அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கு. 2019-ல திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 14 வயசுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாம ஓட்டினா 1000 ரூபாய் அபராதம். யாரையாவது பிடிச்சு நான் பார்த்ததில்லை. கால் டாக்ஸி, ஆட்டோவில் போறவங்களுக்கு என்ன வழின்னு கேட்டா, என்கிட்ட நல்ல பதில் இல்லை.

எங்க வீட்டில் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டு மாமாகிட்ட காட்டினேன். அடுத்த மாசமே சீட் வந்துடுச்சு. மாட்டத்தான் முக்கால் மணி நேரம் ஆச்சு, மெக்கானிக்கல் ஃபைனல் இயர்னு வெளிய சொல்லாதீங்க. காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தா வேலை சுலபம், எங்களுது பழைய வண்டி. பெல்ட் போற இடத்தில் பிடிச்சு ஆட்டினா சீட் 2.5 செ.மீ.-க்கு மேல அசையக் கூடாது. தோள்பட்டை வாரை விரலால் கிள்ளினா மடிப்பு பிடிபடக் கூடாது. செகண்ட் ஹேண்ட் வாங்கறதா இருந்தா, விபத்தில் சிக்கினதான்னு உறுதியாத் தெரியாத சீட்டைத் தொடவே தொடாதீங்க. உள்ளே விரிசல் இருந்தா வெளியே தெரியாது.

முதல் நாள் பாப்பா திண்டிவனம் வரைக்கும் கத்தினா. பாட்டி என்னை முறைச்சுக்கிட்டே வந்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க.