மோதினா யாரோட வேகம் அதிகமா மாறும்?

சாமளாபுரத்துல இருந்து சோமனூர் ரோட்ல சாயங்காலம் பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும்: பாவு ஏத்தின மினி லாரி ஒரு பக்கம், மில் வேன் ஒரு பக்கம், நடுவுல நாம. "லாரியும் 40, நானும் 40. நேருக்கு நேர் மோதினா ரெண்டு பேருக்கும் அடி சமம்தானே?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். விசை சமம்தாங்க. அடி சமம் இல்ல.

பத்தாம் வகுப்புல படிச்ச உந்தம் ஞாபகம் இருக்கா? நிறையை வேகத்தால பெருக்கணும். எதிர்த்திசையில வர்ற வண்டிக்கு மைனஸ் போடணும். மோதலுக்கு முன்னாடி இருந்த மொத்த உந்தம்தான் மோதின உடனேயும் இருக்கும். மோதல் ஏறக்குறைய 0.1 வினாடியில முடிஞ்சிடும். அதுக்குள்ள டயர் உராய்வால பெருசா எதையும் மாத்த முடியாது.

லாரி 5,000 கிலோ, பைக்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோன்னு வெச்சுக்கலாம். மோதி ஒட்டிக்கிட்டா ரெண்டும் லாரி போற திசையில சுமார் 37 கி.மீ. வேகத்துல போகும். லாரி இழந்தது 3 கி.மீ. வேகம், டிரைவருக்கு லேசா பிரேக் அடிச்ச மாதிரி. பைக்காரர் 40-ல இருந்து பின்பக்கமா 37. மொத்தம் 77 கி.மீ. மாற்றம்! உடம்பை உடைக்கறது இந்த மாற்றம்தான். ஸ்பீடாமீட்டர்ல இருந்த 40 இல்ல.

பெரிய வண்டிக்குள்ள இருந்தா தப்பிச்சோம்னும் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரி 20, விடியறதுக்கு முன்னாடி, இங்க பக்கத்துல அவிநாசியில நடந்தது நிறைய பேருக்கு மறந்திருக்காது. டைல்ஸ் ஏத்தின கண்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி வந்து, பெங்களூர்ல இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ்ல மோதுச்சு. 19 பேர் இறந்தாங்க.

இப்ப நான் போடறது அந்த விபத்தோட அளவுகள் இல்ல, கணக்குக்கான எண்கள். லாரி 30 டன், 60 கி.மீ. பஸ் 15 டன், 80 கி.மீ. நேர் மோதல். 1,800-ல 1,200 போக மீதி 600. அதை 45 டன்னால வகுத்தா 13 கி.மீ. அதுவும் லாரி திசையில. லாரிக்கு மாற்றம் 47, பஸ்ஸுக்கு 93. நிறை பாதின்னா மாற்றம் இரட்டிப்பு.

இன்னொண்ணு. உந்தம் அப்படியே இருக்கு, ஆனா இயக்க ஆற்றல் இருக்காது. இந்தக் கணக்குல 100-க்கு 96 பங்கு தகரத்தை நசுக்கறதுல, கிழிக்கறதுல போயிடும். அந்தத் தகரத்துக்குப் பின்னாடி சீட் இருக்கு. அதனாலதான் மீடியன்ல வெறும் கட்டையா, லாரியைத் திருப்பி விடற உயரமான தடுப்பான்னு கேக்கறது சின்ன விஷயம் இல்ல.

நிறையை நம்மால மாத்த முடியாது. நேரத்தைக் கொஞ்சம் நீட்டலாம். அதே மாற்றத்துக்கு எடுத்துக்கற நேரம் இரட்டிப்பானா, சராசரி விசை பாதி. சீட் பெல்ட் செய்யறது அதுதான். ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற தெர்மாகோல் மாதிரியான அடுக்கும் நசுங்கி நேரம் வாங்கிக் கொடுக்கத்தான் இருக்கு. ஒரு தடவை நசுங்கினா அது திரும்ப எழும்பாது. கீழ விழுந்து பலமா அடிபட்ட ஹெல்மெட்டை, வெளிய கீறல்கூட இல்லைன்னாலும், மாத்திடுங்க.