மாலைதீவுக்குத் தூண்டிலோடு ஒரு குடும்பப் பயணம்

எமது சமையலறைகளில் மாசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சம்பலுக்கு மாசி, கறிக்கு மாசி, நோன்புக் காலத்தில் ஸஹருக்குக் கூட மாசிச் சம்பல். ஆனால் அந்தக் கருத்துக் காய்ந்த துண்டு எந்தக் கடலிலே, எப்படிப் பிடிக்கப்பட்டு எமது அம்மிக்கு வந்து சேர்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? கட்டுநாயக்காவிலிருந்து விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் அந்த நாட்டில் இறங்கி விடலாம். அதுதான் மாலைதீவு.

அண்மைக் காலத்தில் நம்மவர் பலர் குடும்பத்தோடு அங்கே போய் வருகின்றனர். போகின்றவர்களில் அநேகர் ஒரு நாளாவது கடலில் மீன்பிடிக்க விரும்புகின்றனர். ஆண்கள் ஆசைப்படுவார்கள், பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் யார் எதை உடுப்பது, சின்னவனுக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது, பிடித்த மீனைச் சாப்பிடலாமா, தொழுகை எப்படி என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழுகின்றன. 2004 ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே நெஞ்சு படபடக்கும் தாய்மாரும் எம்மிடையே உண்டு. அந்தப் பயத்தைப் பரிகசிக்கக் கூடாது. முறையான ஆயத்தம் செய்து அதைக் குறைக்கலாம். ஆகவே இக்கட்டுரையைச் சகோதரிகளுக்கே எழுதுகிறேன்.

தீவுகளும் மக்களும்

மாலைதீவில் ஏறத்தாழ 1,190 முருகைக்கல் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. கி.பி. 1153 இல் அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தை ஏற்றார். 1343 இல் அங்கு சென்ற இப்னு பதூதா காழியாகவும் கடமையாற்றினார். அதன் பின்பே 1344 இல் அவர் எமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையைத் தரிசித்தார். அத்தீவு மக்கள் மீனைத் துண்டாக்கி அவித்து, புகையூட்டி, உலர்த்தித் தூர தேசங்களுக்கு அனுப்புவதை அவர் தமது பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். எமது மாசியின் வயது அதிலிருந்து புரிகிறதல்லவா?

மாசிக்குரிய சூரை மீனைப் பிடிக்கும் அவர்களது முறை சிறப்பானது. முருகைக்கல் ஓரங்களில் சிறு மீன்களை வலையால் பிடித்து, படகின் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வர். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றைக் கடலில் எறிந்து, தண்ணீரையும் மழைபோல் தெளிப்பர். சூரைகள் மேலே வந்து பாயும்போது நீண்ட கம்பில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாக வீசி இழுப்பர். அந்தத் தூண்டிலில் எதிர்முள் இல்லை. எனவே மீன் படகில் விழுந்தவுடன் தானாகவே கழன்று விடும். ஒரு தடவைக்கு ஒரு மீன்தான். பெரிய வலைகளில் ஆமைகளும் ஏனைய உயிர்களும் வீணாய் அகப்பட்டுச் சாவது போன்ற நிலை இதில் மிகக் குறைவு. அவர்களது படகின் பெயர் ‘தோனி’. எமது ‘தோணி’யேதான்.

எக்காலம் உகந்தது?

அங்கே இரு பருவக்காற்றுகள். வடகிழக்குக் காற்றின் காலத்தை ‘இருவை’ என்கின்றனர். சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, கடலும் அமைதி. தென்மேற்குக் காற்றின் காலம் ‘ஹுளங்கு’. மே முதல் ஒக்டோபர் வரையிலான அக்காலத்தில் காற்றும் அலையும் கூடும். எமது பாடசாலைகளின் ஓகஸ்ட் விடுமுறை இதற்குள் அகப்படுகிறது. கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சிறு பிள்ளைகளோடு ஓகஸ்டில் போனால், கடல் குழம்பி மீன்பிடிப் பயணம் இரத்தாகக் கூடும். ஏப்ரல் விடுமுறை ஓரளவு பொருந்தும். எக்காலமாயினும் மீன்பிடிக்கு முதல் நாளையே ஒதுக்குங்கள். அன்று காற்றடித்தால் மறுநாள் கைவசம் இருக்கும். கடைசி நாளில் வைத்தால், கடல் சரியில்லாவிட்டாலும் போயே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் பிறக்கும். கடலில் இப்பிடிவாதம் உயிராபத்தைக் கொண்டு வரலாம்.

தங்குமிடமும் செலவும்

முன்னர் உல்லாசப் பயணிகள் தனித் தீவு ஹோட்டல்களில் மாத்திரமே தங்கினர். 2010 அளவிலிருந்து மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன. இது எம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரும் வசதி. அத்தீவுகளில் மதுபானம் இல்லை, பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில், உணவு ஹலாலானது. தலைநகர் மாலேயிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மாஃபுஷி இவற்றுள் பிரபலமானது. ஆட்கூட்டம் வேண்டாம் என்போர் வேறு சிறு தீவுகளைத் தேடலாம். வெளிநாட்டார் குளிப்பதற்கென ஒதுக்கிய கடற்கரை எந்தப் பக்கம் என்பதை முன்பே கேட்டறிந்தால் பிள்ளைகளோடு அப்பக்கம் போகாமல் தவிர்க்கலாம்.

வருகை விசா 30 நாட்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. திரும்பி வருவதற்கான டிக்கட்டும் தங்குமிடம் பதிவு செய்த பத்திரமும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலங்களுக்குள் இணையத்தில் பயணிப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமில்லை. 2025 சனவரி முதல் சிறு விருந்தினர் இல்லங்களில் தங்கும் ஒவ்வொருவரிடமும் நாளொன்றுக்கு 6 டொலர் பசுமை வரி அறவிடப்படுகிறது. ஐந்து பேர் நான்கு நாள் தங்கினால் அதுவே 120 டொலர். தங்குமிடத்தார் சொல்லும் தொகையில் இவ்வரியும், விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் படகுக் கூலியும் அடங்கியுள்ளனவா என்பதை எழுத்தில் கேளுங்கள். பல குடும்பங்களின் கணக்குப் பிழைப்பது இவ்விரண்டிலும்தான். வெள்ளிக்கிழமைகளில் படகுச் சேவைகள் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீன்பிடிப் பயணத்தில் இரு வகை உண்டு. ஒன்று, அஸருக்குப் பின் புறப்பட்டு இரண்டு மூன்று மணித்தியாலங்களில் திரும்பும் கைத்தூண்டில் பயணம். முருகைக்கல் பாரின் ஓரத்தில் நங்கூரமிட்டு விளைமீன், சிவப்பு மீன், கலவாய், பாரை போன்றவற்றைப் பிடிப்பார்கள். மற்றையது, வேகப்படகில் ஆழ்கடலுக்குப் போய்க் கெலவல்லா, மயில்மீன் போன்ற பெரிய மீன்களைத் துரத்துவது. அது பல மடங்கு செலவுடையது, அலையும் அதிகம். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முதலாவதே போதும்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

பணம் கொடுக்குமுன் வெட்கப்படாமல் கேளுங்கள். படகுக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? பிள்ளைகளின் அளவில் தனியாக இருக்கிறதா? கரையோடு தொடர்புகொள்ளும் வானொலிக் கருவி உண்டா? ஐஸ் பெட்டி, மலசலகூடம், குடிநீர் உண்டா? காற்றடித்தால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருவார்களா? பெரியவருடைய அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலால் கழன்றுவிடும். “பிள்ளைகளின் அங்கி இல்லை, நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்” என்று சொல்பவரின் படகில் ஏறாதீர்கள். மரியாதையாக ஸலாம் சொல்லித் திரும்புங்கள்.

உடுப்பிலும் கவனம் தேவை. காற்றில் பறக்கும் அகன்ற அபாயாவிலும் தொங்கும் முந்தானையிலும் தூண்டில் கொளுவும். நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். தளர்வான சல்வாரும், ஊசி இல்லாமல் தலையோடு பொருந்தி நிற்கும் முக்காடும் படகுக்கு ஏற்றவை. ஹயாவும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.

கடல் மயக்கத்துக்கான குளிசையை ஓங்காளம் தொடங்கிய பின் விழுங்குவதில் பயனில்லை. புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பே எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. படகின் நடுவிலிருந்து தூரத்து அடிவானத்தைப் பார்த்தால் மயக்கம் குறையும்.

தூண்டில் போடும் முறை

அங்கே பெரும்பாலும் கம்பு இல்லை. பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றிய தங்கூசி, ஓர் ஈயக்குண்டு, முள்ளில் மீன் துண்டு. ஈயம் தரையைத் தொட்டதும் ஏறத்தாழ ஒரு மீற்றர் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். தரையிலேயே விட்டால் முருகைக்கல்லில் சிக்கும். விரலில் சுண்டுவது தெரிந்ததும் ஒரே இழுவையாக இழுத்து, தளரவிடாமல் சுற்ற வேண்டும். தங்கூசியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், பெரிய மீன் இழுத்தால் விரலை வெட்டிவிடும். கையுறை அணிவது நல்லது. பிள்ளைகளின் தூண்டிலில் எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். கையில் ஏறினாலும் இலகுவாகக் கழற்றலாம்.

அறியாத மீனைக் கையால் தொடக் கூடாது. சில மீன்களின் செட்டை முட்களில் நஞ்சு உண்டு. குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்து, வைத்திய நிலையத்துக்கு விரைய வேண்டும்.

எதை உண்பது?

இதைத் தாய்மார் கட்டாயம் அறிய வேண்டும். முருகைக்கல் பாரில் வாழும் பெரிய சீலா, பெரிய கலவாய், விலாங்கு வகை போன்றவற்றின் உடலில் ‘சிகுவட்டெரா’ என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. வாந்தி, வயிற்றோட்டம், வாயைச் சுற்றி விறைப்பு, குளிர்ந்தது சுடுவது போன்ற உணர்வு ஆகியவை அடையாளங்கள். எனவே பாரில் பிடித்த மிகப் பெரிய மீனைப் படமெடுத்து மகிழுங்கள், ஆனால் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். சிறிய, நடுத்தர மீன்களையே உண்ணுங்கள். ஈரல், தலை, சினையை ஒதுக்குங்கள். ஊரவர் எதை உண்பதில்லையோ அதை நீங்களும் உண்ணாதீர்கள்.

சூரை, கெலவல்லா போன்ற செந்தசை மீன்களில் வேறோர் ஆபத்து. வெயிலில் கிடந்தால் அவற்றில் உண்டாகும் நஞ்சும் சமைப்பதால் போகாது. முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துச் சொறியும். பிடித்த உடனே ஐஸில் வைப்பதே ஒரே பரிகாரம்.

தொழுகை

மாலைதீவு நேரம் எமது நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தியது. மாலைநேரப் பயணத்தில் மஃரிப் படகிலேயே வந்துவிடும். ஷாபிஈ மத்ஹபின்படி, போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணம் இல்லாதவர் பயணி என்ற நிலையில் மஃரிபைப் பிற்படுத்தி இஷாவோடு சேர்த்துத் தொழலாம். அதற்கு மஃரிபின் நேரத்துக்குள்ளேயே நிய்யத் இருக்க வேண்டும். கூடுதலாகத் தங்குவோர் படகிலேயே தொழ வேண்டும். கிப்லா வடமேற்குத் திசையில். நிற்க முடியாத ஆட்டமானால் இருந்து தொழலாம். வுழூவுக்குத் தண்ணீர் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கடல் நீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கியுள்ளார்கள்.

அளவோடு பிடிப்போம்

கடலுணவு அல்லாஹ் எமக்கு ஆகுமாக்கிய அருட்கொடை. ஆனால் உயிருள்ள பிராணியை விளையாட்டு இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஐந்து பேர் உண்ண நான்கு மீன் போதுமென்றால் நான்கோடு தூண்டிலைச் சுற்றிவிடுங்கள். மீன் தட்டில் துடித்துத் துடித்துச் சாவதைப் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்க விடாதீர்கள். விரைவாகக் கொன்று ஐஸில் வைக்கச் சொல்லுங்கள். இறைச்சியும் நன்றாயிருக்கும், பிள்ளையின் உள்ளமும் கல்லாகாது. குஞ்சு மீனை ஈரக்கையால் பிடித்து உடனே கடலில் விடுங்கள்.

நாட்டின் சட்டமும் இதையே வேண்டி நிற்கிறது. 2010 இல் மாலைதீவு சுறா பிடிப்பைத் தடை செய்தது. திருக்கைகளும் ஆமைகளும் பாதுகாக்கப்பட்டவை. ஈட்டியால் மீன் குத்துவதும் தடை. முருகைக்கல்லையோ ஆமை ஓட்டையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் வெட்கப்பட நேரும்.

திரும்புமுன் மாலேயில் 1658 இல் முருகைக்கல்லால் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு காலையில் ‘மாஸ் ஹுனி’ வாங்கிக் கொடுங்கள். மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். “இது எங்கள் உம்மும்மாவின் சம்பலல்லவா!” என்று பிள்ளைகள் வியப்பார்கள்.

சகோதரிகளே, பயணத்துக்குப் பணம் சேர்க்கப் பல மாதங்கள் எடுக்கும். இக்கேள்விகளைக் கேட்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஒரு மாலையை மிச்சம் பிடிக்காதீர்கள். கேட்டுத் தெளிந்து, அங்கியை இறுகக் கட்டி, பயண துஆவை ஓதிப் படகில் ஏறுங்கள். போன எண்ணிக்கையில் ஒருவர் குறையாமல் கரை சேர்வதே எந்த மீனையும் விடப் பெரிய அறுவடை. வல்ல நாயன் எம் அனைவரின் பயணங்களையும் ஸலாமத்தாக ஆக்குவானாக!