உங்களுக்குத் தெரியுமா? ரத்தக்குழாய் காயப்பட்டால்...

● ரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு செல் பருமனுள்ள படலம். இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்கள் வந்து ஒட்டாமலிருக்க நைட்ரிக் ஆக்ஸைடையும் புரோஸ்டாசைக்ளினையும் இது ஓயாமல் சுரக்கிறது. இதில் ஓரிடம் உரிந்தாலும் அடியிலுள்ள கொலாஜன் வெளிப்படும். உடனே தட்டணுக்கள் அங்கே குவியத் தொடங்கும். கையில் கீறல் பட்டால் உயிரைக் காப்பது இதுதான். இதயத் தமனிக்குள் நடந்தால் மாரடைப்புக்குக் காரணமாவதும் இதுதான்.

● ஓடும் ரத்தத்தில் போகிற தட்டணுவைப் பிடித்து, காயத்தில் ஒட்டவைக்க ஒரு புரதம் வேண்டும். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலண்ட் தீவுகளைச் சேர்ந்த 5 வயதுச் சிறுமிக்கும் அவள் குடும்பத்தாருக்கும் இருந்த ரத்தப்போக்கு நோயை 1926இல் விவரித்தார். அந்தப் புரதத்தின் குறைபாடுதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. புரதத்துக்கும் அவர் பெயரே வந்தது. பரம்பரையாக வரும் இந்த நோய் ஆண், பெண் இருவருக்கும் உண்டு. மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகும் பெண்களில் சிலருக்கு இதுவே அடிப்படை.

● நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலினைச் சேர்த்துப் பார்த்தார். சில துண்டுகள் தளர்ந்தன. சில தளரவே இல்லை. மருந்து ஒன்று, விலங்கு ஒன்று. பிறகு ஏன் இப்படி? நறுக்கும்போது உட்புறம் உரசுப்பட்ட துண்டுகள்தான் தளரவில்லை என்று கண்டுபிடித்தார். குழாயைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருள் அந்த மெல்லிய படலத்திலிருந்து வருகிறது என்று 1980இல் எழுதினார். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு. இந்த ஆராய்ச்சிக்காக 1998இல் லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் நைட்ரிக் ஆக்ஸைடைத் தந்தே வேலை செய்கிறது. டைனமைட்டுக்கும் மூலப்பொருள் நைட்ரோகிளிசரின்தான். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள்!

● பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ 1894இல் லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அறுபட்ட பெரிய சிரையைத் தைக்கும் வித்தை அன்றைய மருத்துவர்களிடம் இல்லை. அதே ஊரைச் சேர்ந்த மருத்துவர் அலெக்சிஸ் கேரல், துணியில் பூவேலை செய்யும் பெண்ணிடம் நுண்ணிய ஊசியைக் கையாளக் கற்றார். வட்டமான குழாய் வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகும், நேர்க்கோட்டில் தைத்துவிடலாம் என்று அவர் காட்டினார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

● தையல் முறை வந்தும் போர்க்களத்தில் பல காலம் அது எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களின் 2,471 தமனிக் காயங்களை ஆராய்ந்தார்கள். தமனியை முடிச்சுப் போட்டுக் கட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கையையோ காலையோ அகற்ற வேண்டியிருந்தது. கொரியப் போரில் குழாயைத் தைத்துச் சரிசெய்தபோது அது 100க்கு 13 ஆகக் குறைந்தது.

● பிரசவத்தின்போது ரத்தம் போயே தாய்மார்கள் சாவதைத் தடுக்க நினைத்தவர் ஜப்பானிய விஞ்ஞானி உதாகோ ஒகமோடோ. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை அவரும் கணவர் ஷோசுகேவும் 1962இல் உலகுக்கு அறிவித்தார்கள். பிரசவ நோயாளிகளிடம் சோதிக்க மருத்துவர்கள் முன்வரவில்லை. 2010இல்தான் 40 நாடுகளில், விபத்தில் சிக்கிய 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அதன் அருமையைக் காட்டியது. அடிபட்ட 1 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 3 மணி நேரம் கடந்தால் பலனில்லை, கெடுதலும் நேரலாம். பிரசவத்துக்கும் இது உதவும் என்று பெரிய ஆய்வு 2017இல் உறுதிசெய்தது. உதாகோ அதற்கு முந்தைய ஆண்டே 98 வயதில் காலமாகிவிட்டார்.

● கண்ணாடி விரியன் விஷம் இரண்டு பக்கமும் அடிக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை வீணாகச் செலவழித்துத் தீர்க்கிறது. நுண்குழாய்ச் சுவர்களையும் அரிக்கிறது. அதனால்தான் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வருகிறது. ரத்தம் உறைகிறதா என்று கண்டறியப் பெரிய கருவி வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து உடனே தேவை. அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருவது, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

● டெங்கு என்றாலே தட்டணு எண்ணிக்கையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உயிருக்கு உலைவைப்பது பெரும்பாலும் ரத்தக்குழாய்க் கசிவு. வைரஸ் வெளியிடும் என்எஸ்1 புரதம் குழாயின் உட்படலத்தைப் பலவீனப்படுத்துவதை 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் கசிய, ரத்த அழுத்தம் சரிகிறது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் ஆகியவை எச்சரிக்கை மணி. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தொடவே கூடாது.

● அடைப்பை நீக்கும் பலூன் சிகிச்சையும் குழாய்க்கு ஒரு காயம்தான். 1977இல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்ஸிக் இதயத் தமனியில் முதன்முதலாகச் செய்தார். காயத்தை ஆற்றக் கிளம்பும் தசைச் செல்கள் மிதமிஞ்சி வளர்ந்து, சில மாதங்களில் பலருக்கு மீண்டும் அடைத்துவிடும். அதைத் தடுக்க, குழாய்க்குள் பொருத்தும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயின்மேல் பூசிய மருந்துகளில் ஒன்று சிரோலிமஸ். அது ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது.

● அடிபட்டுக் கன்றிய இடம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாவது ஏன்? உடைந்த நுண்குழாயிலிருந்து கசிந்த ஹீமோகுளோபின் முதலில் பச்சை நிறமியாகவும், பிறகு மஞ்சள் நிறமியான பிலிருபினாகவும் சிதைகிறது. மஞ்சள்காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் பிலிருபின்தான்.

● வெட்டுக்காயத்தில் ரத்தம் கொட்டினால் காப்பித்தூள், மஞ்சள்தூள் தேடி ஓடாதீர்கள். சுத்தமான துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் துணியை எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் உருவாகும் ரத்தக்கட்டு பிய்ந்துவிடும். பாம்புக் கடியில் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். 108க்கு அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள்.