கம்பி வைக்கும் முன்

பதின்மூன்று வயதுப் பையன் படியில் லேசாகத் தடுக்கி விழுகிறான். தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. அந்த வயதில் தொடை எலும்பு அவ்வளவு சுலபத்தில் முறியாது. சில வாரங்களாகவே முழங்காலுக்கு மேல் வலிக்கிறது, ராத்திரியில் அதிகமாகிறது என்று அவன் சொல்லியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்று, பிள்ளைகள் மளமளவென்று உயரும் பருவத்தில்தான் அதிகம் வருகிறது. முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளே அது பெரும்பாலும் பிடிக்கும் இடம்.

விபத்தில் முறிந்த எலும்பென்றால் மஜ்ஜைக் குழிக்குள் கம்பி செலுத்தி நிறுத்துவார்கள். புற்று இருக்கும் எலும்பில் அப்படிச் செய்தால், கட்டியைத் துளைத்துப் போகும் கம்பி புற்றணுக்களை எலும்பு நெடுக இழுத்துச் சென்றுவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே எடுக்க நேரலாம். எண்ணெய் தடவி உருவிவிடுவதும் கூடவே கூடாது. மாவுக்கட்டு போட்டுக் காலை அசையாமல் வைத்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, அதன்பின் பயாப்ஸி செய்ய வேண்டும். பயாப்ஸி ஊசி போன தடத்திலும் புற்றணு ஒட்டியிருக்கலாம். பின்னால் கட்டியோடு சேர்த்து அதையும் வெட்டியெடுத்தாக வேண்டும். அதனால், அறுவை செய்யப்போகும் மருத்துவரே ஊசி நுழையும் இடத்தையும் தீர்மானிப்பதுதான் சரி.

அடுத்து கீமோ. மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளுக்குக் கட்டி அடங்கினால், அந்த வாரங்களிலேயே முறிவு கூடிவிடுவதும் உண்டு. ஒரு காலத்தில் இப்படி முறிந்தாலே காலை எடுத்துவிடுவார்கள். இன்று பலருக்குக் கால் தப்புகிறது.

கட்டி இருக்கும் எலும்பை, சுற்றியுள்ள நல்ல சதை கொஞ்சத்தோடு அகற்றிவிட்டு உலோக மூட்டு பொருத்துகிறார்கள். ஆனால் பையன் இன்னும் வளர வேண்டுமே! தொடை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்கால் பக்க முனையில்தான் நடக்கிறது. அது போய்விட்டால் ஒரு கால் குட்டையாகிவிடும். இதற்காக லண்டனின் ஸ்டான்மோர் பகுதியில் நீளும் உலோக எலும்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதனுள் ஒரு காந்தமும் நுண்ணிய பற்சக்கரங்களும் இருக்கின்றன. காலை ஒரு வளையத்துக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சுழலும் காந்தப்புலம் உள்ளிருக்கும் காந்தத்தையும் சுழற்றும்; பற்சக்கரங்கள் நகர்ந்து, சுமார் நான்கு நிமிடத்தில் 1 மில்லிமீட்டர் நீளும். மயக்க மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். பையன் விழித்தபடியே உட்கார்ந்திருக்கலாம்.

விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் போன்றவர்கள் உள்நாட்டிலேயே செய்வித்த உலோக மூட்டுகளைப் பொருத்திப் பலரின் கால்களைக் காத்தார்கள். பிள்ளையோடு சேர்ந்து நீளும் மூட்டும் அப்படிக் கைக்கெட்டும் விலையில் கிடைத்தாக வேண்டும்.