உங்களுக்குத் தெரியுமா? குழம்புக் கறியும் சாட்சி சொல்லும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. இப்படிப்பட்ட காட்டில் மிளாவை வேட்டையாடியவர்கள் தோலையும் கொம்பையும் மறைத்துவிட்டு, “வெறும் ஆட்டுக்கறிதான்” என்று சாதித்தால் என்ன செய்வது? தடயவியல் முன்னோடிகள் என்றதும் கைரேகைக்காரர்களையே நினைக்கிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங்கும் எஸ்.கே. வர்மாவும். 2003-இல் அவர்கள் வெளியிட்ட முறை, மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவில் 500 எழுத்துகூட இல்லாத ஒரு துண்டைப் படியெடுத்து வாசிக்கிறது. துண்டின் இரு முனைகளும் விலங்குகளிடையே ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நடுப்பகுதி இனத்துக்கு இனம் மாறும். எனவே எந்த விலங்கு என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை.

வெந்த கறியில் டி.என்.ஏ. சிதைந்துவிடாதா? சிதையும்தான். ஆனால் உட்கரு டி.என்.ஏ. செல்லுக்கு இரண்டு படி என்றால், மைட்டோகாண்ட்ரியாவினுடையது நூற்றுக்கணக்கில் இருக்கிறது; குட்டையான துண்டு எதிலாவது தப்பிப் பிழைக்கும். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: காட்டுப்பன்றியும் ஊர்ப்பன்றியும் ஒரே இனம். அங்கே இந்த முறை தடுமாறும். இரண்டையும் பிரித்துச் சொல்ல உட்கரு டி.என்.ஏ.வையும் சோதித்தாக வேண்டும்.