கூலி இழப்பும் நஷ்டமே

மழை நின்று வெள்ளம் வடிந்ததும் நஷ்டக் கணக்கு எடுக்கப்படுகிறது. இடிந்த வீடு எத்தனை, மாண்ட மாடு எத்தனை, அழிந்த பயிர் எத்தனை ஏக்கர் என்று உத்தியோகஸ்தர்கள் எழுதிக்கொள்கிறார்கள். எழுத வேண்டியதே. ஆனால் வீடும் இடியாமல், மாடும் நிலமும் இல்லாமல் இருக்கும் கூலிக்காரன் பத்து நாள் வேலையை இழந்தானே, அது எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

தூரம் போக வேண்டுவதில்லை. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் பெய்த பெருமழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகிச் செல்லூர் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. செல்லூர் நெசவுக்குப் பேர்போன இடம். திருநகரை அடுத்த நிலையூர்க் கைத்தறி நகரும் அத்தகையதே. நெய்தால்தான் கூலி என்பது நெசவாளியின் நிலை. குழித்தறியில் தண்ணீர் ஊறினால் கால் வைக்க இடமில்லை. ஈரக்காற்றில் பாவுக்கு இட்ட கஞ்சி உலராது. சுங்குடிக்குச் சாயமேற்றுவோருக்கோ வெயிலே மூலதனம். தறி உடைந்தால் அதற்கு ஒரு விலை உண்டு; உடையாமல் நின்றுபோனால் விலை இல்லை! அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். ஆகவே வட்டிக் கடன் வீட்டுக்குள் புகுகிறது. வெள்ளம் வடிந்தாலும் அது வடிவதில்லை.

இந்த வழக்குப் பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பல இடங்களில் கடையில் தானியம் இருந்தும் வாங்கக் கூலியின்றி ஜனங்கள் மடிந்தனர். நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாதென்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். 1877-லேயே சென்னை சர்க்கார் அந்தப் படியை உயர்த்த நேர்ந்தது. ஆபத்துக் காலத்தில் கூலியின் அளவே உயிரின் அளவு என்பதை அப்பஞ்சம் கற்பித்தது.

சுதந்தரத்துக்குப் பின் சட்டங்கள் வந்தன. ஆலை வேலை தர இயலாமல் நிறுத்திவைக்கும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்னும் விதி 1953-இல் ஏற்பட்டது. 2020-ஆம் வருஷத் தொழில் உறவுகள் சட்டத்திலும் அது தொடர்கிறது. இயற்கை உற்பாதமும் அதில் அடங்கும். நன்று. ஆனால் ஐம்பது பேருக்குக் குறைந்த பட்டறைக்கு அவ்விதி இல்லை; பதிலிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இல்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்கள் வெள்ளத்தில் மிதந்தபோது, மிகவும் பாதிக்கப்பட்ட தாலூகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. மூன்று நாள் வேலை இழந்தவனுக்கும் மூன்று மாதம் இழந்தவனுக்கும் ஒரே தொகை!

இழந்த நாளை எப்படிக் கணக்கிடுவது என்று சிலர் வினவக்கூடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கு மீனவர் குடும்பங்களுக்கு உதவித்தொகை தரப்படுகிறது. மழைக்காலத்தில் வேலையற்ற உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் தரவும் தமிழ்நாட்டு சர்க்கார் முன்வந்தனர். கொள்கையை ஒப்புக்கொண்டாயிற்று, மற்றவர்க்கும் விரிப்பதே பாக்கி. நெசவாளியின் மாதக் கூலி கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில் இருக்கிறது. மற்றத் தொழிலாளரின் பெயர் நலவாரியப் பதிவேட்டில் இருக்கிறது.

ஆதலின் நஷ்டக் கணக்கில் ‘இழந்த வேலை நாட்கள்’ என்றொரு பத்தி சேர்க்கப்படல் வேண்டும். அந்நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலியில் பாதியேனும் அளிக்கப்படல் வேண்டும். தொழிற்சங்கத்தார் அடுத்த மழைக்கு முன்பே தெருவாரியாகப் பட்டியல் தயாரித்துச் சர்க்கார் முன் வைப்பார்களாக. உழைப்பவன் கேட்பது பிச்சையன்று. வெள்ளம் கொண்டுபோன தன் கூலியையே கேட்கிறான்.